மலையில் மின்சார சைக்கிள்: மடிப்பு சோலார் தகட்டால் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற முடியுமா?

மேற்பிரிவு டீச்சர் | ஜனவரி 18, இரவு 8.40

வணக்கம். கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வீடு கீழ்ப்பிரிவில், பாடசாலை மேற்பிரிவில். தூரம் 6 கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றம் 350 மீட்டர். பஸ் கிடையாது. தினமும் ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டாது. அதனால் போன வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மின்சார சைக்கிள் வாங்கினேன். பற்றரி 36 வோல்ட், 10 ஆம்பியர்மணி.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் தோட்டத்துக்கு வரும் மின்கம்பங்களில் மூன்று மண்சரிவோடு போய்விட்டன. பதினேழு நாள் இருட்டு. சைக்கிள் வீட்டு முன்திண்ணையில், அதாவது இஸ்தோப்பில், நின்றது, நான் நடந்தேன். கீழ்ப்பிரிவுக்கு இப்போது மின்சாரம் வந்துவிட்டாலும் அடிக்கடி போகிறது. பாடசாலைக்கு இன்னும் வரவில்லை.

அதனால் மடித்து எடுத்துப் போகும் சோலார் தகடு ஒன்று வாங்கியிருக்கிறேன். 200 வாட் என்று எழுதியிருக்கிறது. பாடம் நடக்கும் நேரத்தில் அதை முற்றத்தில் விரித்துப் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்று நினைக்கிறேன். தகட்டின் வயரை நேராகப் பற்றரியில் கொடுக்கலாமா? இடையில் ஏதாவது வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நானுஓயா | ஜனவரி 18, இரவு 9.15

டீச்சர், உங்கள் பற்றரி முழுவதும் நிரம்பினாலே 360 வாட்மணிதான். ஒரு யூனிட் என்பது 1000 வாட்மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால்கூட அரை யூனிட்டைத் தாண்டாது. மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைத்து இதில் இறங்கினால் தகட்டின் விலையை மீட்கப் பல வருடம் போகும். வீட்டில் மின்சாரம் இருக்கும் நாளில் வீட்டிலேயே ஏற்றுங்கள். இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், ஏனென்றால் இலவச மின்சாரம் என்ற ஆசையில் கடன் வாங்கித் தகடு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேற்பிரிவு டீச்சர் | ஜனவரி 18, இரவு 9.32

நன்றி அண்ணா. கட்டணம் எனக்குப் பிரச்சினையில்லை. மின்சாரம் இல்லாத நாளிலும் எட்டாம் வகுப்பை எட்டு மணிக்குத் தொடங்க வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

பழைய கம்பிக்காரன் | ஜனவரி 19, காலை 6.05

மகள், தகட்டை நேராகப் பற்றரியில் கொடுக்கவே வேண்டாம். முப்பது வருடம் தோட்டங்களில் மின்வேலை செய்தவன் சொல்கிறேன்.

மடிப்புத் தகடு வேலை செய்யும்போது ஏறத்தாழ 18 வோல்ட் தரும். ஒன்றும் இணைக்காமல் வெயிலில் வைத்து அளந்தால் 22 வரை காட்டும். உங்கள் பற்றரியோ காலியாகும் நிலையிலேயே 30 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், நிரம்பினால் 42. பள்ளத்துத் தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறாது. ஒரு தகட்டை நேராகக் கொடுத்தால் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாது. இதைக் கண்டுபிடித்தவர்கள் அடுத்ததாக மூன்று தகட்டை வரிசையாக இணைப்பார்கள். அதுதான் ஆபத்து. அப்போது 60 வோல்ட்டுக்கு மேல் வந்துவிடும். 42இல் நிறுத்த யாரும் இல்லை. பற்றரிக்குள் ஒரு காவல் சுற்று இருக்கிறது, பி.எம்.எஸ். என்பார்கள். அது கடைசி நேரத்தில் துண்டிக்கக்கூடும். கடைசிக் காவலாளியைத் தினமும் எழுப்பிக்கொண்டிருந்தால் ஒரு நாள் அவன் எழ மாட்டான்.

உங்களுக்கு வேண்டியது வோல்ட்டை ஏற்றித் தரும் எம்.பி.பி.டி. கட்டுப்படுத்தி. சோலாரில் வரும் 18ஐ வாங்கி, பற்றரிக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்தி, நிரம்பும் நேரத்தில் ஓட்டத்தைக் குறைத்துவிடும். நல்லதாக இருந்தால் நூற்றுக்கு 90க்கு மேல் அப்படியே பற்றரிக்குப் போகும். வாங்கும்போது ‘ஏற்றும்’ வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது 12 வோல்ட் பற்றரிக்கு இறக்கித் தரும் வகை, அது உங்களுக்கு உதவாது.

உங்கள் சார்ஜரின் அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். இன்னொன்று, தகட்டின் நீள அகலத்தையும் அளந்து சொல்லுங்கள்.

மேற்பிரிவு டீச்சர் | ஜனவரி 19, இரவு 7.50

ஐயா, சார்ஜரில் 42 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருக்கிறது. தகடு நான்கு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பிலும் கறுப்புப் பகுதி மட்டும் 50 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம். அளவுகோலால் அளந்தேன்.

பேராதனை மாணவன் | ஜனவரி 19, இரவு 8.30

அக்கா, மனம் கசக்கும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு மடிப்பும் சேர்ந்தால் அரைச் சதுர மீட்டர். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது ஏறத்தாழ 1000 வாட். உங்கள் தகட்டின்மீது விழுவது 500. நல்ல ஒற்றைப்படிகச் சிலிக்கான் தகடு அதில் நூற்றுக்கு 20 முதல் 22 வரைதான் மின்சாரமாக மாற்றும். அப்படியென்றால் 100 முதல் 110 வாட். அரைச் சதுர மீட்டரில் 200 வாட் எடுக்க வேண்டுமானால் நூற்றுக்கு 40 மாற்ற வேண்டும், அப்படிப்பட்ட தகடு சந்தையில் இல்லை. எழுதியிருப்பது பொய். அந்த 100 வாட்டும் சோதனைக்கூட வெளிச்சத்தில்தான். முற்றத்தில் 60, 70 கிடைத்தால் தகடு நன்றாக உழைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அது உங்களுக்குப் போதும். நீங்கள், சைக்கிள், புத்தகப் பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று எடுக்கிறேன். அதை 350 மீட்டர் உயர்த்த 95 வாட்மணி வேண்டும். மோட்டாரில் வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் 130. வீதியில் உரசிப் போவது கொஞ்சம். நீங்கள் மிதிப்பது அதில் கழியும். ஆகக்கூடியது 150 என்று வையுங்கள். இறக்கத்தில் மோட்டார் தேவையில்லை. அதாவது ஒவ்வொரு நாளும் முழுப் பற்றரியை நிரப்ப வேண்டிய அவசியமே இல்லை, பாதிக்குக் குறைவாக ஏற்றினால் போதும். மூன்று மணிநேரம் 60 வாட் வந்தால் மறுநாள் ஏற்றத்துக்கு ஆயிற்று.

மேற்பிரிவு டீச்சர் | ஜனவரி 19, இரவு 9.02

200 என்று நம்பிப் பணம் கொடுத்தேன். விற்றவரிடம் கேட்டால் ‘எல்லாம் அப்படித்தான் எழுதுவார்கள்’ என்கிறார். கோபமாகத்தான் இருக்கிறது. ஆனால் 150 வாட்மணி என்ற உங்கள் கணக்கைப் பார்த்ததும் தூக்கம் வரும் போலிருக்கிறது தம்பி. நன்றி.

மஸ்கெலியா மழை | ஜனவரி 20, மாலை 5.20

இப்போது ஜனவரி. நம் மேற்குச் சரிவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். இந்த வெயிலை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு ஜூனில் அழக்கூடாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நேராக வந்து மோதுவது மஸ்கெலியா, நோர்வூட், கினிகத்தேனை மலைகளில். சூரியனைப் பார்க்காமலே ஒரு வாரம் போகும். என்னிடம் இருப்பது 100 வாட் தகடுதான். அடர்ந்த மூடுபனியில் 8 முதல் 15 வாட் வரை தருகிறது. காலை முதல் மாலை வரை விரித்து வைத்தால் 70 வாட்மணி கிடைப்பதே பெரிது. உங்கள் ஏற்றத்தில் பாதி.

2022இல் பெட்ரோல் 470 ரூபாய்க்கு ஏறி, அதற்கும் வரிசையில் நின்ற காலத்தில் என் பழைய சைக்கிளுக்கு மோட்டார் பூட்டினேன். அந்த மார்ச் 31ஆம் திகதி மின்வெட்டு 13 மணிநேரம். அன்றிலிருந்து வெளிச்சத்தைப் பிடித்து வைக்கும் வேலையை விடவில்லை. மழைக்காலத்துக்குத் தகடு தனியாகப் போதாது என்பது என் நான்கு வருட அனுபவம்.

அப்புத்தளைக் காற்று | ஜனவரி 20, இரவு 7.10

மஸ்கெலியா அண்ணன் சொல்வது அவர் பக்கத்துக்குச் சரி. மலையின் இந்தப் பக்கம் வாருங்கள், கதை தலைகீழ். அதே தென்மேல் காற்று அங்கே மழையைக் கொட்டிவிட்டு எங்களிடம் வெறுங்கையோடு இறங்குகிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வெயிலும் காற்றும்தான். எங்களுக்கு மழை அக்டோபரில் இருந்து ஜனவரி வரை. ஆகவே ‘மலையகத்தில் சோலார் சரிவருமா’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்தச் சரிவில் இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் எதிரி காற்று. போன ஜூலையில் மடிப்புத் தகட்டைத் தேயிலைச் செடிகளின்மேல் விரித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் தகடு இல்லை. நாற்பது அடி கீழே தண்ணீர் ஓடும் கானுக்குள் முகம் குப்புறக் கிடந்தது. ஒரு மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, அன்றிலிருந்து கால்வாசி மின்சாரம் குறைந்துவிட்டது. நான்கு மூலையிலும் வளையம் இருக்கிறது, நைலோன் கயிற்றால் கட்டுங்கள். கல் வைத்தால் போதாது.

தகரக்கூரை | ஜனவரி 21, காலை 7.00

நான் வேறு வழியில் செய்கிறேன். வீட்டுக் கூரையில் தகடு, கீழே 12 வோல்ட் லாரி பற்றரி, அதிலிருந்து இன்வேர்ட்டர், அதில் சைக்கிளோடு வந்த சார்ஜர். எந்தப் புதுக் கட்டுப்படுத்தியும் வேண்டாம், இரவிலும் ஏற்றலாம். டீச்சர் ஏன் இதைச் செய்யக்கூடாது?

பழைய கம்பிக்காரன் | ஜனவரி 21, காலை 9.40

வீட்டுக்குச் சரி தம்பி. இரவில் ஏற்றலாம் என்பதும் உண்மையான வசதி. ஆனால் வழியில் எத்தனை சுங்கச்சாவடி என்று பாருங்கள். லாரியின் ஈயப் பற்றரி நூற்றுக்கு 15, 20ஐ எடுத்துக்கொள்ளும். இன்வேர்ட்டர் 10, 15. சார்ஜர் இன்னொரு 10, 15. தகட்டில் 100 புறப்பட்டால் சைக்கிளுக்கு வந்து சேர்வது 60 சொச்சம். கூரை நிறையத் தகடு இருப்பவருக்கு அது பெரிதில்லை. ஒரு மடிப்புத் தகட்டோடு மூன்று மணிநேர வெயிலுக்குக் காத்திருக்கும் டீச்சரால் அதை இழக்க முடியாது. பதினைந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள லாரி பற்றரியை மேற்பிரிவுக்கு யார் சுமப்பது? மலிவு இன்வேர்ட்டர்களில் மின்அலை சீராக இருக்காது. உங்கள் சார்ஜர் வழக்கத்தைவிடச் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

தகரக்கூரை | ஜனவரி 21, இரவு 8.15

தொட்டுப் பார்த்தேன் ஐயா. சுடுகிறது. வீட்டுச் சுவர்ப் பிளக்கில் போட்டால் இவ்வளவு சுடவில்லை. இன்வேர்ட்டரை மாற்றும்வரை நிறுத்திவைக்கிறேன்.

லயத்துப் பிள்ளை | ஜனவரி 22, இரவு 10.05

எல்லாரும் வோல்ட், வாட் என்று பேசுகிறீர்கள். நான் வேறொன்று சொல்ல வேண்டும்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் எங்கள் லயம், தோட்டத்து வரிசை வீடு, எரிந்தது. பத்துக் காம்பரா, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். ஐந்தாவது காம்பராவில் பழைய வயர் ஒன்றில் பிடித்தது. ஒரே நீளக் கூரை, நடுச்சுவர் கூரைவரை போகாது, மேலே மரச்சட்டம். தீ சுவரைத் தாண்டவே தேவையில்லை, கூரைக்கடியில் ஓடியது. அப்பா என் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினார், அம்மா தையல் மெஷினை இழுத்தார். பாதி வழியில் விட்டுவிட்டார். என் பாடசாலைப் பையை யாரும் நினைக்கவில்லை. விடியும்போது பத்துக் குடும்பமும் காலையில் வேலைக்கு ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றோம்.

லிதியம் பற்றரி தீப்பிடித்தால் ஒரு வாளித் தண்ணீரில் அடங்காது. அதனால் கும்பிட்டுக் கேட்கிறேன், லயத்துக் காம்பராவுக்குள் இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். கதவை மறித்து வைத்து ஏற்றாதீர்கள், ஓடும் வழி அதுதான். கீழே விழுந்த பற்றரி, வீங்கிய பற்றரி, வெள்ளத்தில் நனைந்த பற்றரி எதையும் ஏற்றாதீர்கள். புயலில் சேற்றில் கிடந்ததைக் கழுவிக் காயவைத்து விற்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். தயவுசெய்து வாங்காதீர்கள்.

மேற்பிரிவு டீச்சர் | ஜனவரி 22, இரவு 10.30

அக்கா, இதைப் படித்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன். என் சார்ஜர் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்தது. இனி வீட்டில் ஏற்றுவதென்றால் இஸ்தோப்பில், சீமெந்துத் தரையில், நான் விழித்திருக்கும்போது மட்டும்.

கந்தப்பளை | ஜனவரி 23, காலை 6.45

இன்று காலை எங்கள் லீக்ஸ் பாத்தியில் உறைபனி. புல் வெள்ளையாக நிற்கிறது. நுவரெலியாப் பக்கத்தவர்கள் கவனிக்கவும்: பற்றரி பூச்சியம் பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே லிதியம் உலோகமாகப் படிந்துவிடும், பிறகு அது திரும்பாது. இரவில் சைக்கிளை வெளியே விட்டாலும் பற்றரியைக் கழற்றி உள்ளே வையுங்கள். காலையில் கைக்கு ஐஸ் போல இருந்தால் அரை மணிநேரம் பொறுங்கள். தகட்டுக்குக் குளிர் நல்லது, வெயிலும் குளிரும் சேர்ந்த காலையில் அது கூடுதல் வோல்ட் தரும். பற்றரிக்கு நிழல், தகட்டுக்கு வெயில், இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

மேற்பிரிவு டீச்சர் | பெப்ரவரி 11, இரவு 8.20

கட்டுப்படுத்தி வந்துவிட்டது. கம்பிக்கார ஐயா தொலைபேசியில் ஒரு மணிநேரம் வழிநடத்தினார். அவர் சொன்ன ஒழுங்கு எல்லாருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். முதலில் முடிவு வோல்ட்டை 42க்குப் பதிலாக 41இல் நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் குறைவாக நிரம்பும், பற்றரி நீண்ட நாள் உழைக்கும். திரையில் காட்டுவதை நம்பாமல் மல்ட்டிமீட்டரால் அளக்கச் சொன்னார். என் கட்டுப்படுத்தி 0.4 வோல்ட் குறைத்துக் காட்டுகிறது, அளக்காவிட்டால் தெரிந்திருக்காது. பிறகு பற்றரியை முதலில் இணைக்க வேண்டும், தகட்டை அடுத்ததாக. கழற்றும்போது தகடு முதலில். சிவப்பு, கறுப்பை இரண்டு தடவை பார்க்க வேண்டும். பற்றரிப் பக்கத்தில் ஒரு 5 ஆம்பியர் பியூஸ்.

இன்று பாடசாலையில் எடுத்த அளவுகள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாறி மாறி வெளியே போய் வாட்மீட்டரைப் பார்த்துக் கரும்பலகையின் மூலையில் எழுதினார்கள். 8 மணிக்கு 22 வாட். 9க்கு 41. 10க்கு 58. 11க்கு 69. பதினொன்றரை தாண்டியதும் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறியது, 11.40க்கு 13. அதன்பிறகு எழவே இல்லை. மொத்தம் 187 வாட்மணி. பற்றரி 36.6 வோல்ட்டிலிருந்து 40.3க்கு வந்தது.

முதல் நாள் ஒரு தவறு செய்தேன். முற்றத்து ஓரத்தில் நிழல் மரத்தின் கிளை ஒன்று இரண்டாவது மடிப்பின் மூலையில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளங்கை அகல நிழல்தான். மீட்டர் 31இல் நின்றது. ஒரு பிள்ளை தகட்டை மூன்று அடி இழுத்ததும் 57க்குப் பாய்ந்தது. அதே வெயில், அதே நிமிடம். அந்த நிமிடம் வகுப்பே கைதட்டியது.

பேராதனை மாணவன் | பெப்ரவரி 11, இரவு 9.00

செல்கள் சங்கிலி போல வரிசையாக இணைந்தவை அக்கா. ஒன்று நிழலில் நின்றால் முழு வரிசையின் ஓட்டமும் அதனால் தடைப்படும். கைதட்டிய பிள்ளைகளுக்கு இதை மின்சுற்றுப் பாடத்தில் சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள்.

இன்னொன்று. தகட்டைத் தெற்கே சாய்த்து வை என்று எழுதியிருப்பதெல்லாம் நமக்கு வடக்கே வெகுதூரத்தில் இருப்பவர்களுக்கு. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையில்தான் இருக்கிறோம். ஜூனில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். உங்களுக்குக் கிடைப்பது காலை வெயில் மட்டும் என்றால் கிழக்கே சாயுங்கள். 8 மணி அளவு அதனால்தான் குறைவு, தகட்டைத் தட்டையாகப் போட்டிருப்பீர்கள்.

மேற்பிரிவு டீச்சர் | பெப்ரவரி 13, இரவு 7.45

கிழக்கே சாய்த்தோம். இரண்டு உடைந்த மேசைக் காலை முட்டுக் கொடுத்தோம். 8 மணிக்கு 22 இருந்தது இன்று 44. மூடுபனி வருமுன் மொத்தம் 200 வாட்மணியைத் தாண்டிவிட்டது.

மஸ்கெலியா மழை | பெப்ரவரி 13, இரவு 8.30

மகிழ்ச்சி டீச்சர். ஜூனுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

மேற்பிரிவு டீச்சர் | பெப்ரவரி 13, இரவு 9.10

அதைத்தான் யோசிக்கிறேன் அண்ணா. பாடசாலைக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள், கம்பி வரவில்லை. மழைக்காலத்தில் தகடு பாதி ஏற்றத்துக்குத்தான் என்று நீங்கள் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். கீழ்ப்பிரிவில் மின்சாரம் இருக்கும் ஒவ்வொரு மாலையும், நான் விழித்திருக்கும்போதே, இஸ்தோப்பில் நிரப்பிவைப்பேன். ஒரு தடவை நிரம்பினால் இரண்டு நாள் ஏறலாம். மூன்றாவது நாளும் மின்சாரம் வராவிட்டால் தகட்டின் 70 வாட்மணியோடு பாதி வழி ஓட்டி, மீதியைத் தள்ளிக்கொண்டு போவேன். பதினேழு நாள் முழுவதும் நடந்ததை நினைத்தால் அது ஒன்றுமில்லை.

சீமெந்துத் தரையில் வைத்து ஏற்றுவதற்குப் பாடசாலையிலும் ஒரு சார்ஜர் இருந்தால் நல்லது, கம்பி வரும் நாளுக்கு. 42 வோல்ட், 2 ஆம்பியர். அட்டன், தலவாக்கலைப் பக்கம் யாரிடமாவது பாவிக்காத ஒன்று இருந்தால் தனிமடலில் எழுதுங்கள். வந்து பெற்றுக்கொள்கிறேன்.